மருந்து அறைக்குப் பின்னால் முளைத்த புல்

புதிதாகப் போர்மேன் பொறுப்புக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வெடி விபத்து, தப்பிப் பிழைத்த கதை என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஒன்றுக்குப் பத்தாகவே சொல்வார்கள். நான் புல்லைப் பற்றி எழுதப் போகிறேன். முப்பது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் குப்பை கொட்டிய கிழவனுக்குப் புல்தான் கிடைத்ததா என்று சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தமில்லை.

ஷெட்டுகளைச் சுற்றிப் புல் மண்டக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வெட்டு, வெட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். வெட்டிய புல்லை என்ன செய்வது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அது அற்ப விஷயம், வந்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். என் உத்தியோகத்தில் நான் எடுத்த முடிவுகளிலேயே மிக மோசமான முடிவு அந்த அற்ப விஷயத்தில்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் பின்பாதியில். நாரணாபுரம் பக்கம் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். எங்களுடையது கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் சோளமும் போட்ட சம்சாரிக் குடும்பம். மழை வருஷா வருஷம் ஏய்த்ததில், இருக்கிற நிலம் அண்ணன்கள் இரண்டு பேருக்கே காணாது என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடப் படிப்பை முடித்திருந்த நான் கம்பெனிக்குச் சின்னப் போர்மேனாக வந்தேன். சம்சாரி மகன் வெடி கட்டப் போவதா என்று அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு. மருந்தும் திரியும் இவர்களுக்குத் தெரியலாம், மண்ணும் மாடும் புல்லும் எனக்குத்தான் தெரியும் என்கிற கர்வம். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மேலே ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பெரிய போர்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். இடது கையில் இரண்டு விரல் இருக்காது. பேச்சு குறைவு. சொன்னதற்குக் காரணம் கேட்டால் பிடிக்காது.

முதல் வருஷம் கார்த்திகை மழைக்குப் பிறகு புல் முழங்கால் உயரம் நின்றது. சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பெண்களை வைத்து முழுவதையும் அறுக்கச் சொன்னேன். அறுத்ததை அப்படியே போட்டுவிட்டுப் போகச் சொன்னேன், மறுநாள் அள்ளிக்கொள்ளலாம் என்று. மறுநாள் அட்டை லோடு வந்து இறங்கியது. அதற்கு மறுநாள் வேறு ஒரு வேலை. மூன்றாம் நாள் காற்றடித்தது. வெயிலில் கிடந்து சருகாகியிருந்த புல் உருண்டு உருண்டு ஒவ்வொரு ஷெட் வாசலிலும் போய் ஒதுங்கிவிட்டது. பெரிய போர்மேன் அதில் ஒரு கைப்பிடி எடுத்து என் மூக்குக்கு நேரே நொறுக்கினார்.

“நிக்கிற புல்லுக்கு உசுரு இருக்குலே. அறுத்துப் போட்ட புல்லு திரி. ஒவ்வொரு ரூமுக்கும் நீயே திரி வச்சிருக்க.”

அந்த ஷெட்டுகளுக்குள் இருந்தது நாற்பது பேர். அன்று யார் கையிலிருந்தும் எதுவும் உரசவில்லை, ஒரு பொறியும் விழவில்லை. அவ்வளவுதான். என் சாமர்த்தியம் அதில் ஒன்றும் இல்லை.

சரி, போடக் கூடாது. அப்படியானால் கொளுத்திவிடலாமே என்று அடுத்த முறை நினைத்தேன். கம்பெனிக்குள் நெருப்பு என்ற பேச்சே கிடையாது. ஆகவே வண்டியில் ஏற்றி, தள்ளி இருந்த வறண்ட கண்மாய்க்குக் கொண்டுபோனேன். நிறையப் புல் சாதாரணமாகத்தான் எரிந்தது. ஒரு கட்டு மட்டும் வேறு விதமாக எரிந்தது. சர்ரென்று சீறிக்கொண்டு, பொறி பறக்க, அங்கங்கே குதித்தது. காற்றில் ஒரு கொத்து பறந்துபோய் ஒரு சம்சாரி சோளத்தட்டை அடுக்கி வைத்திருந்த படப்புக்கு இருபதடி தள்ளி விழுந்தது. வேப்பங்குழையை ஒடித்துக்கொண்டு ஓடி அடித்து அணைத்தோம். அந்தக் கட்டு மருந்து அறைக்குப் பின்னால் அறுத்தது என்று வண்டிக்காரர் சொன்னார்.

மருந்து அறை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியார் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: வெடியுப்பு, கந்தகம், கரி, வெள்ளிப்பொடி என்கிற அலுமினியத் தூள், பச்சை வெளிச்சத்துக்குப் போடுகிற பச்சை உப்பு இவற்றையெல்லாம் கலக்குகிற அறை. அந்தக் காலத்தில் எங்கள் கம்பெனியில் சாயங்காலம் வேலை முடிந்ததும் தரையையும் தட்டு சல்லடைகளையும் தண்ணீர் விட்டுக் கழுவுவோம். கழுவிய தண்ணீர் பின்சுவரில் ஒரு ஓட்டை வழியாக வெளியே போகும். சிந்தின மருந்து தரையில் காய்ந்து கிடந்தால் ஆபத்து. தண்ணீரோடு போய்விட்டால் தீர்ந்தது. நாங்கள் அப்படித்தான் நினைத்தோம்.

கண்மாயில் நடந்ததைக் கேட்டதும் பெரிய போர்மேன் ஒரே வரியில் சட்டம் போட்டார்.

“இனிமே குளி வெட்டு. புல்லைப் போடு, தண்ணி ஊத்து, மிதி, மண்ணள்ளி மூடு. ஒரு புல்லுத் தாள் வெளிய போகக் கூடாது.”

“எல்லாத்தையுமாண்ணே? முன்னால உள்ளது நல்ல புல்லு. மாடு கன்னு வச்சிருக்கவுக கேக்காக.”

“ஒரு தாள்னு சொன்னேன்.”

காரணத்தை நானே கற்பித்துக்கொண்டேன். உப்பு ஏறிய புல் திரியாக எரிகிறது, நெருப்புக்குப் பயந்து புதைக்கச் சொல்கிறார் என்று. நம் தொழிலில் கண் அப்படித்தான் பழகிவிடுகிறது. எதைப் பார்த்தாலும் முதலில் தோன்றும் கேள்வி, இது எரியுமா? எரியாது என்றால் ஆபத்தில்லை. அதோடு யோசனை நின்றுவிடும். வேறு எந்தத் தொழிலில் இருந்தவனும் அப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டான். அந்தப் புல் சீறி எரிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதற்குள் என்ன ஏறியிருக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்று வருஷம் அப்படியே புதைத்தோம். நாலாவது வருஷம் மழை அறவே பொய்த்தது. ஐப்பசியில் இரண்டு தூறல். கார்த்திகையில் வானம் வெறிச்சென்று கிடந்தது. மார்கழியில் விஸ்வநத்தம் வரைக்கும் நடந்து பார்த்தாலும் கண்ணில் பச்சை படாது. ஆட்டுக்காரர்கள் வேலங்காய் உலுக்க மரத்துக்கு மரம் சண்டை போட்டார்கள். அப்படிப்பட்ட வருஷத்திலும் எங்கள் கம்பெனியில் ஒரு இடத்தில் மட்டும் புல் கருகரு என்று பச்சையாக, மடிப்பு மடிப்பாக வளர்ந்து நின்றது. மருந்து அறைக்குப் பின்னால்.

குருவம்மா திரி வெட்டுகிற ஷெட்டில் வேலை பார்த்தாள். அவள் புருஷன் சோலையன் மருந்து அறையில். இருவரையும் எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அவர்கள் குடும்பம் எங்கள் காட்டில் கூலிக்கு உழைத்த குடும்பம். குருவம்மா எங்கள் தொழுவில் சாணி அள்ளியவள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் மாட்டை மேய்த்தவர்கள், அடுத்தவர் மாட்டைக் குளிப்பாட்டியவர்கள். சொந்தத்தில் ஒரு மாட்டுக் கயிற்றைப் பிடித்தவர்கள் அந்த வம்சத்தில் இல்லை.

எங்கள் பக்கத்தில் வாரத்துக்கு விடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. மாடு வைத்திருப்பவர் ஒரு கிடேரிக் கன்றை இல்லாதவரிடம் வளர்க்கக் கொடுப்பார். அது வளர்ந்து போடும் முதல் கன்று மாட்டுக்காரருக்கு, இரண்டாவது வளர்த்தவருக்கு. அப்பா அப்படி ஒரு கிடேரியைக் குருவம்மாவிடம் விட்டிருந்தார். இரண்டாவது ஈற்றில் அவள் பங்குக்கு ஒரு மயிலைக் கன்று வந்தது. அதை அவள் வளர்த்துப் பசுவாக்கி, அது முதல் சினைக்கு நின்றிருந்தது. அந்த வருஷத்தில்தான் மழை பொய்த்தது.

புல் அறுக்கிற அன்று மருந்து அறைப் பக்கம் அவளுக்கு முறை. அறுத்துக் குவித்துவிட்டு, குழிக்குக் கொண்டுபோகாமல் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அய்யா, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கிறக் கூடாது.”

“கேளு.”

“இம்புட்டுப் புல்லையும் குளியில போட்டு மண்ணள்ளி மூடச் சொல்றீகளே, வகுறு எரியுதுய்யா. மாடு எலும்புந்தோலுமா நிக்குது. எட்டு மாசச் சென. வேப்பங்கொளையத் திண்ணு எம்புட்டு நாளைக்கு உசுரப் பிடிக்கும்? இன்னைக்கு ஒரு நா, ரெண்டே ரெண்டு கட்டு.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கன்னு போட்டுருச்சுன்னா பால டீக்கடைக்கு ஊத்திப் பொளச்சுக்கிருவோம். இவுக அந்த ரூமுக்குப் போக வேணாம். தையோட நின்னுக்கிறேன்னு எங்கையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்காக. தெனம் இவுக வீடு வந்து சேருத வரைக்கும் எனக்குக் கஞ்சி எறங்காதுய்யா.”

அவள் பயந்தது வெடிக்கு. மருந்து அறையில் வேலை பார்ப்பவன் மனைவிக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் தூக்கிவாரிப் போடும். நம் ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெரிய போர்மேன் அன்று அச்சங்குளத்தில் ஒரு கருமாதிக்குப் போயிருந்தார். முடிவெடுக்க வேண்டியவன் நான்தான். அரை நிமிஷம் யோசித்தேன். பச்சைப் புல் எரியாது. மாடு தின்றுவிட்டால் திரியும் இல்லை, சருகும் இல்லை. புதைப்பதைவிட அதுவே நல்ல வழி. ஆனாலும் சம்சாரி புத்தி விடுமா? ஒரு தாளைக் கிள்ளி வாயில் போட்டு மென்று பார்த்தேன். நல்ல இளசு. லேசாக உப்புக் கரித்தது. கழுநீரில் ஒரு கை உப்பு அள்ளிப் போட்டு மாட்டுக்கு வைக்கிற வீட்டில் பிறந்தவன் நான். உப்பு மாட்டுக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

“எடுத்துக்கோ. பெரியவருக்குத் தெரிய வேணாம்.”

அவள் அறுத்து வைத்திருந்ததில் வாடாத புல்லாக நானே பொறுக்கிக் கொடுத்தேன். அவள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. கட்டைத் தூக்கித் தலையில் வைத்ததும் நான்தான்.

மறுநாள் இருவரும் வேலைக்கு வரவில்லை. மத்தியானம் விஷயம் தெரிந்து, வேலை முடிந்ததும் போனேன். மாடு ஒருக்களித்துக் கிடந்தது, வயிறு மலையாக. உரிக்க வந்திருந்த இரண்டு பேர், ரத்தம் கருப்பட்டிப் பாகாட்டம் இருக்கிறதே, இப்படிப் பார்த்ததில்லையே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சோலையன் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். அவன் துக்கத்திலும் எனக்கு அந்த மரியாதை செய்தான்.

“ஆசையா தின்னுச்சுய்யா. ஒரு தாள் மிச்சம் வைக்கலை. பொறவு வாயெல்லாம் நொரையா வந்துச்சு. காலு நடுங்குச்சு. பின்னங்காலு ரெண்டும் மடிஞ்சு உக்காந்தது எந்திரிக்கவே இல்ல. அடைப்பான் நோயிங்காக.”

உள்ளேயிருந்து சோலையனைப் பெற்ற கிழவியின் குரல் கேட்டது. “அடைப்பானுமில்ல, ஒடைப்பானுமில்ல. இவ கையி ராசியில்லாத கையி. மூணு தலைமொறையா இல்லாத சீதேவி இவ கையிலயா தங்கும்?” குருவம்மா தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய போர்மேன் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. நின்றவர் மெதுவாக உட்கார்ந்தார்.

“பின்னால உள்ள புல்லையா குடுத்த?”

“ஆமாண்ணே.”

“நீ வர்றதுக்கு முந்தி ரெண்டு ஆடு வேலிக்குள்ள புகுந்து அதத் தின்னு செத்துச்சு. அந்த உப்புல வெசம் இருக்குலே.”

“தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே. குளி வெட்டு, மண்ணப் போடுன்னு மட்டுந்தானே சொன்னீக?”

“ஆடு செத்ததுக்கே ஊரு கூடிக் கம்பெனி கேட்டுக்கு வந்துருச்சு. இனிமே இந்தப் பேச்சு வெளிய வரக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. நான் அவரு உப்பத் தின்னவன். நீயும் அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லிக்கிற வேணாம். சொன்னா செத்த மாடு வந்துருமா?”

தம்பிகளா, இந்த இடத்தில் ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். எனக்கும் அதுதான் வழக்கம். காரணம் சொல்லாத சட்டத்தை உடைப்பவன் பெரும்பாலும் அயோக்கியன் இல்லை, இரக்கப்பட்டவன். ஒன்றைச் செய்யாதே என்று கீழே இருப்பவனிடம் சொன்னால் ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்ல முடியாத காரணமாக இருந்தால், அந்தச் சட்டம் யாரைக் காப்பாற்றப் போட்டது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல பாடம்தான். ஆனால் அதைக் கற்ற அன்றே நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஒரு வருஷம் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். எங்கள் தொழுவில் சாணி அள்ளியவள் முன்னால் தலைகுனிந்து நிற்பதா என்ற அகம்பாவம் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரிது என்று இப்போது எழுதவே கூசுகிறது. அவளைத் தினமும் திரி ஷெட்டில் பார்ப்பேன். சௌக்கியமா என்று கேட்பேன். உங்க புண்ணியத்துலய்யா என்பாள்.

தை பிறந்தது. சோலையன் வேலையை விட்டு நிற்கவில்லை. எதை நம்பி நிற்பான்? மாசி பங்குனியில் அவனுக்கு இருமல் கண்டது. கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் அலம்பும். வயிற்றில் வலி என்று குனிந்து உட்கார்வான். எல்லோருக்கும் வருகிறதுதானே, வெயில்தான் காரணம் என்றேன். மாடு போனதிலிருந்து ஆள் ஒடிந்துவிட்டான் என்றும் சொல்லிக்கொண்டேன். நம்புங்கள், அதற்கு மேல் என் புத்தி போகவில்லை.

ராசியில்லாத கை என்று பெயர் விழுந்துவிட்டதால் குருவம்மாவிடம் வாரத்துக்கு மாடு விட ஒருவரும் தயாராக இல்லை. எங்கள் அப்பாவும் விடவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார். கடைசியில் பக்கத்து ஊரில் யாரோ ஒருத்தி மனமிரங்கி ஒரு வெள்ளாட்டுக் குட்டியை அவளிடம் விட்டிருந்தாள்.

அடுத்த மார்கழியும் காய்ந்துதான் கிடந்தது. மழை இல்லை. புல் அறுக்கும் நாள் வந்தது. மருந்து அறைப் பக்கத்துக்கு வேறு ஆளைப் போட்டு, நானே குழிக்குப் பக்கத்தில் நின்றேன். குருவம்மா வந்தாள்.

“குட்டிக்கு ரெண்டு கை புல்லுய்யா.”

“முடியாது.”

“போன வருசம் நீங்களே தூக்கிவிட்டீகளே?”

“இந்த வருசம் முடியாது. போ.”

பெரிய போர்மேன் மாதிரியே பேசினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். மனுஷன் மாறிவிட்டான் என்ற பார்வை.

சாயங்காலம் வேலை விட்டு ஆட்கள் கேட்டில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மருந்தோ திரியோ யாரும் எடுத்துப் போய்விடாதபடி வாட்ச்மேன் ஒவ்வொருவர் மூட்டையையும் தொட்டுப் பார்த்து விடுவார். குருவம்மா தலையில் ஒரு சுள்ளிக் கட்டு. அதற்கு நடுவிலிருந்து பச்சையாக இரண்டு தாள் நீட்டிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் கட்டைப் பிடித்து இழுத்தார். சுள்ளி சிதறியது, உள்ளே ஒரு கட்டுப் புல், மருந்து அறைக்குப் பின்னால் விளைந்த அதே பச்சை.

“களவாணிக் களுத! போர்மேன் வேணாம்னு சொன்னதக் களவாங்கிட்டாப் போற? அய்யா, இங்கன வந்து பாருங்க.”

நாற்பது பேர் நின்று பார்த்தார்கள். என் கையில் இருந்தது அவள் வேலை. வாட்ச்மேன் சொன்னதை ஆமோதித்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டால் குட்டி பிழைக்கும், என் ரகசியமும் பிழைக்கும். அவள் திருடி என்று பெயரெடுத்து வெளியே போவாள். போகட்டும் என்று விட்டால் குட்டி சாகும், அவள் கை மறுபடியும் ராசியில்லாத கையாகும். மூன்றாவது வழிக்கு எனக்கு ஒரு வருஷம் தைரியம் வரவில்லை. அன்று தைரியம் வந்தது என்று சொல்ல மாட்டேன். வேறு போக்கிடம் இல்லை.

“அவ களவாங்கலை. எல்லாரும் போங்க” என்றேன். வேப்பமரத்தடிக்கு அவளைக் கூப்பிட்டேன். சோலையன் கேட்டுக்கு வெளியே அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

“இதத் தின்னா குட்டி செத்துப்போகும், குருவம்மா.”

“புல்லத் தின்னா எப்படிய்யா சாகும்?”

“மருந்து ரூம் களுவுற தண்ணி அங்கனதான் போகுது. புல்லு பூராம் உப்பு ஏறிக் கெடக்கு. உன் மாடும் இதத் தின்னுதான் செத்துச்சு. நான் குடுத்த புல்லுதான்.”

அவள் சிதறிக் கிடந்த புல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப அடைப்பான் இல்லையா?”

“இல்ல.”

“எங்கையி ராசி?”

“உன் கையில ஒரு குத்தமும் இல்ல.”

மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். உண்மையில் அதற்குத்தான் ஆசைப்பட்டேன். நாலு வார்த்தை ஏசிவிட்டால் என் பாரம் இறங்கும். அவள் ஏசவில்லை. ஏதோ கணக்கு கூட்டுகிறவள் மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

“அது வெறும் களுவுன தண்ணிதானய்யா?”

“ஆமா.”

“களுவுன தண்ணியக் குடிச்ச புல்லு. அந்தப் புல்லத் தின்ன மாடு.”

கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சோலையன் சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தான். முடியிலும் புருவத்திலும் வெள்ளிப்பொடி படிந்திருந்தது. என்னதான் கழுவினாலும் அது போகாது. எங்களுக்கெல்லாம் அது கண்ணுக்குப் பழகிப்போன நிறம்.

“அப்ப அவுகய்யா? அவுக தெனமும் அந்தப் பொடிக்குள்ளதான இருக்காக? அதத்தான மூச்சா இழுக்காக? அந்தக் கையோடதான கஞ்சி குடிக்காக?”

அந்தத் தொழிலில் அத்தனை வருஷம் இருந்தும் அந்தக் கேள்வி எனக்கு ஒருமுறை கூடத் தோன்றியதில்லை. பெரிய போர்மேனுக்குத் தோன்றியிருக்குமா, தெரியாது. ஆடு சாகும் என்று அவருக்குத் தெரியும். மாடு சாகும் என்று எனக்குத் தெரியும். அந்த அறைக்குள் உட்கார வைத்த மனிதனைப் பற்றி, வெடித்தால் சாவான், வெடிக்காவிட்டால் நன்றாக இருப்பான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவள்தான், திரி வெட்டுகிறவள், நின்ற இடத்தில் நாலு வாக்கியத்தில் அதைக் கண்டுபிடித்தாள்.

“பெட்டி ஒட்டுற ஷெட்டுக்கு மாத்தச் சொல்லி மொதலாளிகிட்ட நான் பேசுறேன்” என்றேன். அதைச் சொல்லும்போதே என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

“அங்கன குடுக்கிறத வச்சு நாங்க கஞ்சி குடிக்க முடியாதேய்யா” என்றாள். கோபமே இல்லாமல், தெரியாதவனுக்கு எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னாள். “அதுக்குத்தானய்யா மாடு வளத்தேன்.”

பிறகு சிதறிக் கிடந்த புல்லை ஒரு தாள் விடாமல் பொறுக்கினாள். கேட்டைத் தாண்டாமல் திரும்பி உள்ளே நடந்தாள். குழியில் போட்டாள், தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினாள், மிதித்தாள், மண்ணைத் தள்ளினாள். உதவிக்குப் போன என்னைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

நான் முதலாளியிடம் பேசினேன். கலவையில் சோலையன் கைப் பக்குவம் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். என் பேச்சு அத்தோடு முடிந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். புல்லைப் புதையுங்கள். அதை மட்டும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இருவரும் வேலைக்கு வந்திருந்தார்கள். சோலையனின் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு பழைய புடவைக் கிழிசல் கட்டியிருந்தது. வரிசையில் நின்றவர்கள், என்னலே பொம்பள மாதிரி முக்காடு என்று சிரித்தார்கள். அவனும் வெட்கப்பட்டுச் சிரித்தான். குருவம்மா சிரிக்கவில்லை. அவன் பின்னால் வந்து முடிச்சை அவிழ்த்து, இன்னும் இறுக்கி ஒருமுறை கட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் திரி ஷெட்டுக்குப் போனாள். நான் மருந்து அறையின் பூட்டைத் திறந்தேன். அவன் உள்ளே போனான்.